ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா? பியர் காய்ச்சுகிறவர்கள் ஏமாறும் இடங்கள்

மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ஊறவைத்து, வடித்து, ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) போட்டுக் கொதிக்கவிட்டு ஆறவைப்பதற்குள் அரை நாள் ஓடிவிடும். அதன் பிறகு, சாற்றின் சர்க்கரையை ஆல்கஹாலாக்க ஊற்றிய ஈஸ்ட் செத்தது என்று தெரிந்தால் 20 லிட்டர் சாறும் சாக்கடைக்குத்தான். அதனால் முன்கூட்டியே சோதிப்பது நல்ல பழக்கம். ஆனால் பலரும் நுரையையும் குமிழியையும் பார்த்தே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். (தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். இது சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு.)

ரொட்டி சுடும் பழக்கத்தில் உலர் ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. பியருக்கு இது வேண்டாத வேலை. காய்ந்த செல் தண்ணீரை உறிஞ்சும் முதல் சில நிமிடங்களில் அதன் சவ்வு ஓட்டையாக இருக்கும். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற கட்டுப்பாடே இருக்காது. அந்த நேரத்தில் சர்க்கரை கொடுத்தால் செல்லுக்குத்தான் பாதிப்பு. உலர் ஈஸ்ட்டுக்கு முதலில் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள். காற்று உறிஞ்சி அடைத்த பாக்கெட் செங்கல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் காற்று புகுந்துவிட்டது, வேண்டாம்.

திரவ ஈஸ்ட்டில் தேதியை மட்டும் நம்புவது அடுத்த தவறு. தேதி தாண்டாத பையும் கோடைக்காலத்தில் கூரியர் வண்டியிலேயே இரண்டு நாள் வெந்திருக்கலாம், அல்லது ஃப்ரீஸரில் உறைந்து செல்கள் கிழிந்திருக்கலாம். மறுபக்கம், தேதி கொஞ்சம் கடந்தாலும் ஃப்ரிட்ஜிலேயே இருந்த பையில் உயிருள்ள செல்கள் நிறையவே மிஞ்சியிருக்கும்; எண்ணிக்கைதான் குறைந்திருக்கும். உள்ளே இருக்கும் சின்னப் பையைத் தட்டி உடைத்தால் வீங்கும் வகைப் பை வீங்கவில்லை என்பதற்காகவும் தூக்கி எறிய வேண்டாம்.

சந்தேகம் வந்தால் ஸ்டார்ட்டர் போட்டுப் பாருங்கள், அதாவது கொஞ்சம் சாற்றில் ஈஸ்ட்டை முன்கூட்டியே வளர்த்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உலர் மால்ட் தூள் என்ற கணக்கில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு ஈஸ்ட்டை விட்டு, அவ்வப்போது குலுக்கினால் போதும். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது: காலையில் எழுந்து பார்த்து "நுரையே இல்லை, செத்துவிட்டது" என்பார்கள். நுரை ராத்திரியே ஏறி இறங்கியிருக்கும். சில ஈஸ்ட் வகைகள் நுரையே காட்டாமல் வேலையை முடித்துவிடும். குடுவையின் கழுத்தில் வளையம் போல ஒட்டிய பிசுக்கு இருக்கிறதா, அடியில் வெளிர் பழுப்பில் புதுப் படிவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஹைட்ரோமீட்டரை (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவை; வெறும் தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை கூடினால் எண்ணும் கூடும்) இறக்குங்கள். 1.037 அளவில் தொடங்கியது 1.010 பக்கம் வந்திருந்தால் சர்க்கரையை ஈஸ்ட் தின்றிருக்கிறது. நுரை, குமிழியை எல்லாம் விட இந்த எண்ணைத்தான் நான் நம்புவேன். மேலே நிற்கும் திரவத்தை ஒரு வாய் சுவைத்தும் பாருங்கள். சுறுசுறுப்பாக வேலை செய்ததெல்லாம் ஈஸ்ட்தான் என்று உறுதி இல்லை, பாக்டீரியாவாகவும் இருக்கலாம். தயிர் போலப் புளித்தால் கொட்டிவிடுங்கள்.

மைக்ராஸ்கோப் வைத்திருப்பவர்கள் மெத்திலீன் நீலம் என்ற சாயம் போட்டுப் பார்ப்பார்கள். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது நிறமற்று நிற்கும். ஆனால் குற்றுயிராகக் கிடக்கும் செல்லும் நிறமற்றே தெரியும். உயிரோடு இருப்பது வேறு, தெம்போடு இருப்பது வேறு.

போன தடவை பியரின் அடியில் தங்கிய ஈஸ்ட்டை எடுத்து வைத்திருந்தால் நிறமும் வாசனையும் பேசும். பால்நிறக் கூழாக, ரொட்டி மாவு வாசனையோடு இருந்தால் சரி. கரும்பழுப்பாகி, எரிந்த ரப்பர் அல்லது கெட்ட இறைச்சி வாடை அடித்தால் செல்கள் தங்களையே கரைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. 1.080-க்கு மேல் தொடங்கிய கனமான பியரில் உழைத்த ஈஸ்ட்டைப் பார்க்க நன்றாக இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன், அது ஏற்கெனவே ஆல்கஹாலில் நொந்தது.

பெரிய தொட்டியில் ஊற்றிய பிறகு ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக் குழாய்) குமிழி வரவில்லை என்று பதறுவதும் உண்டு. மூடி சரியாக உட்காராமல் வாயு பக்கவாட்டில் கசிந்தாலும் குமிழி வராது. ஊற்றி ஒரு நாள் முழுதாகப் போகட்டும், ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள். எண் அசையவே இல்லை என்றால் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கும் உலர் ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுங்கள். அதற்கு மேல் காத்திருந்தால் இனிப்புச் சாற்றில் பாக்டீரியா முந்திக்கொள்ளும்.