முடுக்கம் மாறும் கணக்குகளில் சறுக்கும் இடங்கள்

அலகை மறப்பது, கழித்தல் குறியைத் தொலைப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. நாலு முறை மதிப்பெண் போனால் அவை தானாகச் சரியாகிவிடும். மற்ற தவறுகள் அப்படியில்லை. நாங்கள் படித்த காலத்தில் செய்தவற்றையே இப்போது படிக்கிறவர்களும் அட்சரம் பிசகாமல் செய்கிறார்கள்.

சராசரியைப் போட்டு ஒப்பேற்றுவது

மாறாத முடுக்கத்துக்கான சமன்பாடுகள் இங்கே செல்லாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், ‘சராசரி முடுக்கத்தைப் போட்டால் என்ன?’ என்று ஒரு குறுக்குவழி முளைக்கும்.

ஓய்விலிருந்து புறப்படும் பொருள்; முடுக்கம் = 6 × நேரம். 2 விநாடியில் முடுக்கம் 0-இலிருந்து 12-க்கு ஏறுகிறது, சராசரி 6. ஆகவே திசைவேகம் 6 × 2 = 12. தொகையிட்டாலும் 3 × நேரம்², அதே 12தான். அந்தத் தெம்பில் இடப்பெயர்ச்சியையும் ½ × 6 × 2² = 12 மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை நேரம்³, அதாவது 8 மீட்டர்.

ஒரு மாணவர் இதற்காக என்னோடு மல்லுக்கு நின்றார். திசைவேகம் பொருந்துகிறது, எனவே புத்தகத்தில் உள்ள 8 அச்சுப்பிழை என்பது அவர் கட்சி. சரி, முடுக்கத்தைத் திருப்பிப் போடுங்கள் என்றேன்: 12-இல் தொடங்கி, சீராகக் குறைந்து, 2 விநாடியில் 0 ஆகட்டும். சராசரி அதே 6, இறுதித் திசைவேகம் அதே 12. இடப்பெயர்ச்சி மட்டும் 16 மீட்டர்! முடுக்கம் முதலிலேயே கிடைத்தால், பெற்ற வேகத்தோடு ஓட நேரம் மிச்சமிருக்கிறது. கடைசியில் கிடைத்தால் இல்லை. எப்போது கிடைத்தது என்ற தகவலைச் சராசரி அழித்துவிடுகிறது.

பாதி விடை சரியாக வருவதுதான் எனக்கு எரிச்சல். இரண்டும் தப்பாக வந்திருந்தால் அப்போதே சந்தேகம் தட்டியிருக்கும். அந்தப் பாதியும் முடுக்கம் சீராக ஏறியதால் வந்தது. முடுக்கம் = 6 × நேரம்² என்று மாற்றினால், முதலும் கடைசியும் கூட்டிப் பாதியாக்கும் வழியில் திசைவேகம் 24 வரும்; உண்மையில் 16.

முடுக்கம் சுழி

பொருள் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

மாறிலி

முடுக்கம் = 6 × நேரம் என்ற பழைய கணக்கிலேயே, ‘ஓய்விலிருந்து’ என்பதற்குப் பதில் ‘1 விநாடியில் திசைவேகம் 5’ என்று கொடுத்தால், தொகையிடும்போது சேரும் மாறிலி 5 அல்ல, 2. நேரம் சுழியாக இருக்கும்போதுள்ள மதிப்பைத்தான் நேரடியாக அங்கே வைக்கலாம்.

எதைப் பொறுத்து மாறுகிறது?

முடுக்கம் = −9 × இடப்பெயர்ச்சி என்றிருக்கும்போது, இடப்பெயர்ச்சியை மாறிலிபோல வைத்துக்கொண்டு நேரத்தால் பெருக்கிவிடுகிறார்கள். அது நகர்ந்துகொண்டே இருக்கிறதே! முடுக்கத்தை ‘திசைவேகம் × இடத்தைப் பொறுத்துத் திசைவேகம் மாறும் வீதம்’ என்று எழுதி, அப்புறம் இடத்தைப் பொறுத்துத் தொகையிடுங்கள். தொடக்கப் புள்ளியை விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் கடக்கும் பொருள் 2 மீட்டர் வரை போய்த் திரும்பும்.

தொலைவு

திசைவேகம் = நேரம்² − 4 × நேரம் + 3. முதல் 3 விநாடிக்கு மொத்தமாகத் தொகையிட்டால் சுழி வரும், அது இடப்பெயர்ச்சி. கேட்டது தொலைவு என்றால், திசைவேகம் குறி மாறும் 1-ஆவது விநாடியில் வெட்டி இரண்டு துண்டாகத் தொகையிட்டு, குறியை விட்டுவிட்டுக் கூட்ட வேண்டும். 8/3 மீட்டர் வரும்.