மழலையர் பள்ளி ஆசிரியைகள் வெளிநாட்டுப் பணிக்கு ஆயத்தமாவது எப்படி: வேலூர்ப் பகுதியினருக்கான வழிகாட்டி

செவிலியர் படிப்பு முடித்தவர் வெளிநாடு செல்வது எப்படி என்று வேலூரில் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். கிறித்துவ மருத்துவக் கல்லூரி நூறாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் ஊர் இது. எந்தத் தேர்வு எழுத வேண்டும், எந்த நாட்டில் எங்கே பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் அக்காமார், சித்திமார் வாய்மொழியாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன. எல்.கே.ஜி., யூ.கே.ஜி. ஆசிரியைகளுக்கு அப்படி ஒரு பாதை இன்னும் அமையவில்லை. அதனால்தான் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் 'ஆறே மாதத்தில் மாண்டிசோரி பயிற்சி, வெளிநாட்டில் வேலை' என்ற விளம்பரத்தை நம்பிப் பலர் பணம் கட்டுகிறார்கள்.

வளர்ந்த நாடுகள் பலவற்றில் மழலையர் கல்வியும் செவிலியத்தைப் போலவே பதிவும் தகுதிச் சரிபார்ப்பும் கேட்கும் தொழிலாகும். ஆகையால் நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், உங்கள் கையிலிருக்கும் சான்றிதழை அந்த நாடு எந்த நிலையில் வைக்கிறது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

எந்தப் பணியிடம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

இங்கே 'மிஸ்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடும் வேலை ஆஸ்திரேலியாவில் மூன்று படிகளாகப் பிரிகிறது: சர்டிபிகேட் 3 முடித்த கல்வியாளர், டிப்ளமோ முடித்த கல்வியாளர், பட்டம் பெற்ற மழலையர் கல்வி ஆசிரியர். மூன்றுக்கும் ஊதியம் வேறு, பொறுப்பு வேறு, விசா வாய்ப்பும் வேறு. அங்கே 2012 முதல் நடைமுறையில் உள்ள தேசியத் தரச் சட்டகத்தின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு ஒரு கல்வியாளர் இருந்தாக வேண்டும். ஒரே வகுப்பில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம்; அங்கே ஆள் தேவை குறையாமல் இருப்பதற்கு இந்த விகிதமும் ஒரு காரணம். எந்தப் படிப்பு எந்தப் படிக்கு ஏற்றது என்பதை ஏ.சி.இ.சி.க்யூ.ஏ. என்ற தேசிய அமைப்பு முடிவு செய்கிறது. ஏற்கப்பட்ட படிப்புகளின் பட்டியல் அதன் இணையதளத்திலேயே உள்ளது. அதைப் பார்ப்பதற்கு எந்த ஏஜென்டும் தேவையில்லை.

நம் பகுதியில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டுப் பிரைமரி பள்ளியின் மழலையர் பிரிவில் வேலை செய்பவர்கள், தங்கள் தகுதி மிக உயர்ந்தது என்று எண்ணுகிறார்கள். உள்ளூரில் அது உண்மைதான். ஆனால் மதிப்பீடு செய்யும் வெளிநாட்டு அமைப்பு, பட்டத்தின் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் படிப்பு எந்த வயதுக் குழந்தைகளுக்கானது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களோடு மேற்பார்வையின் கீழ் எத்தனை நாள் பயிற்சி பெற்றீர்கள் என்று கேட்கிறது. பி.எட். உயர்நிலைப் பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்து அமைந்த படிப்பு என்பதால், இந்தக் கேள்வியில் அது தடுமாறுகிறது. அதைவிட, இக்னோ எனப்படும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மழலையர் பராமரிப்பும் கல்வியும் குறித்த டிப்ளமோ, மனையியலில் மனித வளர்ச்சிப் பிரிவு, ஏ.எம்.ஐ. என்ற பன்னாட்டு மாண்டிசோரி சங்கம் வழங்கும் மூன்று முதல் ஆறு வயதுக்கான மாண்டிசோரி டிப்ளமோ போன்றவை பாடப்பொருளில் நெருக்கமானவை. அவற்றையும் எந்த நாடு எந்த அளவுக்கு ஏற்கிறது என்பதைத் தனித்தனியாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். ஆனால் அவர் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதால், சான்றிதழில் 'மாண்டிசோரி' என்று இருப்பது மட்டும் எதையும் உறுதி செய்வதில்லை.

நாடுகளைப் பற்றிச் சில

கனடாவில் இது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒன்டாரியோவில் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கல்லூரி ஒன்று உண்டு. பெயர் கல்லூரி என்றாலும் அது பாடம் நடத்தும் இடமன்று, பதிவு செய்யும் அமைப்பு. அதில் பதியாதவர் தம்மை மழலையர் கல்வியாளர் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி தவறாகும். 2025-இல், தொழில்திறன் உள்ளவர்களைக் குடியேற்றத்துக்குத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் கல்வித் துறைக்கெனத் தனிப் பிரிவு உருவாக்கப்பட்டபோது, மழலையர் கல்வியாளர்களும் உதவியாளர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள்.

நியூசிலாந்தில் பட்டத்தை மதிப்பிட ஓர் அமைப்பும், ஆசிரியராகப் பதிவு செய்ய ஆசிரியர் மன்றமும் தனித்தனியே இருக்கின்றன. அங்குள்ள 'தே ஃபாரிக்கி' என்ற மழலையர் பாடத்திட்டம் மவோரி மரபில் வேரூன்றியது. நேர்காணலுக்குச் செல்பவர் அதை ஒருமுறையாவது முழுமையாகப் படித்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஒரு வயது நிறைந்த குழந்தைக்குப் பகல்நேரப் பராமரிப்பு இடம் கிடைக்க வேண்டும் என்பது 2013 முதல் சட்டபூர்வ உரிமை. 'கீட்டா' எனப்படும் அந்தப் பராமரிப்பு மையங்களில் ஆள் பற்றாக்குறை உண்மையாகவே இருக்கிறது. ஆனால் குழந்தையோடு பேசுவதுதான் அங்கே வேலை என்பதால், ஜெர்மன் மொழியில் பி 2 நிலையாவது (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஆறு படிகளில் நான்காவது) வேண்டும். சில மாநிலங்கள் அதற்கு அடுத்த படியான சி 1 கேட்கின்றன. சென்னையில் கோதே நிறுவனத்தில் படித்துத் தேர்வும் எழுதலாம். ஒன்றரை ஆண்டையாவது இதற்கென ஒதுக்க முடியாதவர் ஜெர்மனியை மறந்துவிடுவது நல்லது.

இங்கிலாந்தைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 2023 முதல் இந்திய ஆசிரியர்கள் அங்கே 'தகுதிபெற்ற ஆசிரியர்' என்ற நிலைக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த வாய்ப்பு 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் கற்பிப்பவர்களுக்கானது. மழலையர் ஆசிரியைக்கு அது பொருந்தாது.

வளைகுடா நம்மவர்களுக்குப் பழகிய திசை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக் குடும்பங்களில் துபாயிலோ மஸ்கட்டிலோ உறவினர் ஒருவராவது இருப்பார். அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் கே.ஜி. வகுப்புகளுக்கு நம் தகுதியும் அனுபவமும் ஓரளவு நேராகவே பொருந்துகின்றன. நிரந்தரமாகக் குடியேறும் நோக்கம் இல்லாதவருக்கும், முதன்முறையாக வெளிநாடு செல்பவருக்கும் நான் சொல்லும் முதல் இடம் இதுவே.

சிங்கப்பூரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. மழலையர் பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகத் தமிழும் கற்பிக்கப்படுகிறது. 2013-இல் தொடங்கப்பட்ட மழலைப்பருவ மேம்பாட்டு அமைப்பு, ஆசிரியர்களைத் தகுதி பார்த்துப் பதிவு செய்கிறது. நல்ல தமிழும் சிறு குழந்தைகளோடு பழகிய அனுபவமும் உள்ளவர், ஆங்கிலத்தில் சற்றுத் தயக்கம் இருந்தாலும் விசாரித்துப் பார்க்கத் தக்க நாடு அது.

ஆவணங்கள்

எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடிப்பது இதுதான். நம் பெயர்களில் முன்னெழுத்து உண்டு. குடும்பப் பெயர் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவிதா எஸ்.' என்றும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்துக் 'கவிதா சுப்பிரமணி' என்றும், திருமணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் பெயரோடும் இருந்தால், மதிப்பிடும் அதிகாரிக்கு அவர்கள் மூன்று பேர். விண்ணப்பிக்கும் முன்பே எல்லா ஆவணங்களையும் மேசைமேல் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு சிறிதாயின் இருவரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழி போதும். பெரிதாயின் அரசிதழ் வழியாக மாற்றிக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பாடவாரியான மதிப்பெண்களைப் பல்கலைக்கழகம் அதிகாரபூர்வமாகத் தரும் பதிவு. சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல் தோன்றியது. அதற்கு முன் வேலூர்க் கல்லூரிகளில் பட்டம் பெற்றவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தை அணுக வேண்டும். ராணிப்பேட்டை மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் பயின்றவர்களுக்குச் சான்றிதழ் வழங்குவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். கனடாவுக்குப் பட்டத்தை மதிப்பிடும் அமைப்புகள், பொதுவாகப் பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையிலோ மின்னணு வழியிலோ தரும் டிரான்ஸ்கிரிப்டைத்தான் ஏற்கின்றன. மதிப்பெண்களோடு பாடத்திட்டத்தின் நகலையும், கற்பித்தல் பயிற்சி எத்தனை நாள், எந்த வயதுக் குழந்தைகளோடு என்று கூறும் கடிதத்தையும் அதே பயணத்தில் வாங்கிவிடுங்கள். இரண்டாம் முறை செல்லும்போது அதே எழுத்தர் அங்கே இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மாநில அரசின் சரிபார்ப்பு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்ற வரிசையில் அட்டஸ்டேஷன், அதாவது சான்றொப்பம் வேண்டும். இந்தியா 2005-இல், ஒரே அரசு முத்திரையில் ஆவணத்தை ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்ததால், இந்தியாவோடு அந்த ஒப்பந்தம் நடைமுறையில் உள்ள நாடுகளுக்குத் தூதரகப் படி தேவைப்படுவதில்லை.

அனுபவச் சான்றிதழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த முதல் பள்ளியில் சம்பளத்தைக் கவரில் வைத்துக் கையில் கொடுப்பார்கள். நியமன ஆணை கிடையாது. நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் கிடைத்தது, 'இவர் எங்கள் பள்ளியில் நன்கு பணியாற்றினார்' என்ற ஒற்றை வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் எதையும் நிறுவ முடியாது. பணியில் சேர்ந்த நாள், விலகிய நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், குழந்தைகளின் வயது, செய்த வேலைகள், தலைமையாசிரியரின் கையொப்பம், பள்ளியின் அங்கீகார எண் ஆகியவை லெட்டர்பேடில் இருக்க வேண்டும். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடும்படி இப்போதே கேளுங்கள். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு இதில் வசதி அதிகம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பதிவேடுகளும் ஆணைகளும் அரசுச் சான்றாகவே நிற்கும். தம் வேலையைத் தாமே தாழ்வாக எண்ணுவதால் அவர்களில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை.

மொழியும் நேர்காணலும்

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் முடிவு இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்பதால், ஆவணங்கள் ஓரளவு திரண்ட பின் எழுதுவதே முறை. ஆசிரியர் பணிக்குக் கேட்கப்படும் மதிப்பெண் மற்ற தொழில்களைவிடக் கூடுதலாக இருக்கும். பேச்சிலும் கேட்டலிலும் கண்டிப்பு அதிகம்.

நேர்காணலில் ஏ, பி, சி, டி எப்படி எழுத வைப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. மூன்று வயதுக் குழந்தை பக்கத்துக் குழந்தையைக் கடித்தால் என்ன செய்வீர்கள், பேசவே பேசாத குழந்தையிடம் எதைக் கவனிப்பீர்கள் என்பவையே கேள்விகள். அடித்தலும் மிரட்டலும் அங்கே குற்றம்; வாய்தவறிக்கூட 'கண்டிப்பேன்' என்று பதில் சொல்லிவிடாதீர்கள். நம் பகுதி தரும் ஒரு வலிமையும் உண்டு. பேரணாம்பட்டில் ஒரே எல்.கே.ஜி. வகுப்பில் வீட்டில் உருது பேசும் குழந்தையும், தெலுங்கு பேசும் குழந்தையும், தமிழ் பேசும் குழந்தையும் அருகருகே அமர்ந்திருக்கும். வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறாக உள்ள குழந்தைகளைக் கையாள்வது எல்லாக் குடியேற்ற நாடுகளுக்கும் பெரிய தேவை. நாம் அதைத் திறமை என்றே கருதாமல் அன்றாடம் செய்துவருகிறோம். ஒரு குழந்தை களிமண்ணிலோ புளியங்கொட்டையிலோ விளையாடும்போது நீங்கள் கவனித்ததை நாள் வாரியாக எழுதி, பெயரும் முகமும் வெளிப்படாத படங்களோடு ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் படம் எடுக்க வேண்டாம்.

ஏஜென்டுகள்

வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர அவர் வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது. அதன் அறிவிப்புகளையும் பார்த்துவரலாம். 'அங்கே போய் டிப்ளமோ படியுங்கள், பிறகு தங்கிவிடலாம்' என்று சொல்லும் கன்சல்டன்சி வேறு வகை. அது மாணவர் சேர்க்கை செய்யும் கடை. கல்லூரியிடமிருந்து அதற்குக் கமிஷன் உண்டு. ஆஸ்திரேலியக் கல்லூரியாயின், அந்தப் படிப்பு வெளிநாட்டு மாணவர்களுக்கான க்ரைகோஸ் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் என்றால், இரண்டு முறை பாருங்கள்.

காவல்துறை நற்சான்றைப் பாஸ்போர்ட் சேவை வழியாகப் பெறலாம். அதைக் கடைசியாக வாங்குங்கள், முன்கூட்டியே வாங்கினால் காலாவதியாகிவிடும். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் ஏப்ரலிலும், பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ, ஆஸ்திரேலியாவில் ஜனவரி இறுதியிலும் கல்வியாண்டு தொடங்குகிறது. அதற்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்பே ஆள் தேடுவார்கள். விசா கைக்கு வரும்வரை இங்குள்ள வேலையை விட வேண்டாம். விலகும் நாளில், அந்தத் தேதி வரையிலான புதிய அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.