சினிமாக் கதைகளைப் பற்றி வீடியோ தொடரா? ஆரம்பிக்கும் முன் இதைப் படியுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பருக்கு யூடியூப் தொடர் ஒன்றை எடிட் செய்து கொடுத்தேன். பெயர் ‘கதையின் சக்தி’. முதல் எபிசோடு ஆதிமனிதனின் குகை ஓவியத்தில் தொடங்கி, பாட்டி வடை சுட்ட கதை வழியாக நடந்து, சினிமாவுக்கு வந்து சேர ஆறு நிமிடம் ஆனது. மொத்த நீளமே ஒன்பது நிமிடம்தான். அனலிட்டிக்ஸில் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் குகையிலேயே இறங்கிவிட்டிருந்தார்கள்.

தவறு அந்தப் பெயரிலேயே இருந்தது. கதைக்குச் சக்தி இல்லை என்று யாராவது சொன்னார்களா? யாரும் மறுக்காத ஒன்றை நிரூபிக்கப் பத்து எபிசோடு எதற்கு? தொடருக்குத் தலைப்பு வைக்கும் முன் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். உதாரணத்துக்கு: கதாநாயகனை முதல் காட்சியிலேயே கொன்றுவிட்டால் மீதிப் படத்தில் என்ன இருக்கும்?

1954இல் வந்த ‘அந்த நாள்’ அதைத்தான் செய்தது. இயக்கம் எஸ். பாலசந்தர், தயாரிப்பு ஏவிஎம். சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943 அக்டோபரில் நடக்கும் கதை. திரை விரிந்த கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் விழுகிறார். யார் இவர், யார் சுட்டது, ஏன், எதுவும் நமக்குத் தெரியாது. விசாரணை தொடங்கிய பிறகுதான் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் அவரைப் பற்றித் தெரிந்துகொள்கிறோம். படத்தில் பாட்டு கிடையாது. வந்த புதிதில் வசூலும் பெரிதாக இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வீடியோவை எப்படித் திறப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. நம்மவர்களோ “வணக்கம் நண்பர்களே”, லோகோ அனிமேஷன், “பெல் பட்டனை அழுத்துங்க” எல்லாம் முடித்த பிறகுதான் பிணத்தைக் காட்டுகிறார்கள்.

அடுத்து, கதைச் சுருக்கம். இந்த வியாதி ரொம்பப் பேருக்கு இருக்கிறது. படக்காட்சி ஓடும்போது அதில் நடப்பதையே பின்னணிக் குரலில் சொல்வது: “இப்போ ஹீரோ கதவைத் திறக்கிறார், உள்ளே அம்மா அழுதுட்டு இருக்காங்க.” அதுதான் தெரிகிறதே. அந்த அழுகையை ஏன் அங்கே வைத்தார்கள், கதவுக்கு வெளியே நம்மை எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், அம்மாவுக்குத் தெரிந்தது ஹீரோவுக்கு எப்போது தெரிகிறது, இதைச் சொன்னால்தான் அது கதை சொல்லலைப் பற்றிய வீடியோ. எபிசோடுக்கு ஒரே ஒரு காட்சி போதும். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி காட்டுங்கள்.

கோட்பாட்டை எடுத்துக்கொண்டு அதற்குப் படம் தேடுவதும் வழக்கமாகிவிட்டது. புராணக் கதைகளை ஆராய்ந்த அமெரிக்கர் ஜோசப் கேம்ப்பெல் 1949இல் எழுதிய ‘நாயகன் பயணம்’ (வீட்டை விட்டுக் கிளம்பி, சோதனைகளைத் தாண்டி, மாறித் திரும்பும் நாயகன் என்ற கதை வடிவம்) ஒன்றை வட்டமாக வரைந்து, எல்லாத் தமிழ்ப் படத்தையும் அதற்குள் திணிப்பார்கள். திணித்தால் எதுவும் உள்ளே போகும்தான். ஆனால் அந்த வட்டத்தில் இன்டர்வெல் எங்கே? நம்மூரில் கதை டிஸ்கஷனில் உட்காருபவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இன்டர்வெல் பிளாக், அதாவது இடைவேளைக்கு முன் வரும் திருப்பம், என்ன என்பது. பாப்கார்ன் வாங்கப் போகிறவன் மண்டையைக் குடைந்துகொண்டே போக வேண்டும். முதல் பாதி முழுக்க அந்த ஒரு இடத்தை நோக்கி ஏறுகிறது. டிவி சீரியலில் இதே வேலையைச் செய்வது ‘தொடரும்’ என்ற சொல்லுக்கு முன் காட்டும் முகம். அதற்கும் முன்னால் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு அத்தியாயத்தின் கடைசி வரி. இந்த ஒரு சரக்கை வைத்தே மூன்று எபிசோடு செய்யலாம்.

சரி, கதை மனிதர்களை மாற்றும் என்று சொல்லத்தான் போகிறீர்கள் என்றால் ஆதாரத்தோடு சொல்லுங்கள். தூர்தர்ஷனில் 1984இல் தொடங்கிய ‘ஹம் லோக்’ என்ற இந்தி சீரியல் நல்ல உதாரணம். மெக்சிகோவில் சமூகச் செய்திகளைச் சீரியலுக்குள் வைத்துச் சொன்ன முறையைப் பார்த்து உருவானது. ஆரம்ப எபிசோடுகளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது, ஜனங்கள் ஒட்டவில்லை. பிரசாரத்தைக் குறைத்து, குடும்பச் சண்டையையும் கல்யாணக் கவலையையும் முன்னால் கொண்டுவந்தார்கள். அப்புறம் கடிதங்கள் குவிந்தன. கதையின் சக்தி, அது தோற்கும் இடம், இரண்டும் ஒரே தொடரில் கிடைக்கின்றன. வெற்றியை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும்.

பதிப்புரிமை விஷயத்தில் ஒரு வதந்தி சுற்றுகிறது: படக்காட்சியைப் பத்து வினாடிக்குள் காட்டினால் பிரச்சினை இல்லையாம். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது, ஆனால் வினாடி எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. பிறருடைய படம், பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி இயந்திரத்துக்கோ நியாயம் அநியாயம் தெரியாது. ஒலியோ காட்சியோ ஒத்துப்போனால் கிளெய்ம் (உரிமை கோரல்) விழும், விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகலாம், வீடியோ முடக்கப்படவும் கூடும். ஸ்ட்ரைக் என்பது வேறு. உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொல்லி, அது ஏற்கப்பட்டால் வருவது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு கிளெய்ம் வந்ததும் பயந்து வீடியோவை அழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மாட்டிவிடுவது பாட்டும் பின்னணி இசையும்தான். காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு நீங்கள் பேசுங்கள், முடிந்த இடத்தில் ஸ்டில் போடுங்கள். அப்லோடு செய்யும்போதே சோதனை ஓடும், அது முடியும்வரை பப்ளிக் ஆக்காதீர்கள்.

ஒலி பற்றி ஒரே ஒரு வார்த்தை: ஃபேனை அணையுங்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், ‘விர்ர்’ என்ற சத்தத்தோடு பத்து நிமிடம் யாரும் உட்கார மாட்டார்கள்.

கடைசித் தவறு, ஒரே ஒரு எபிசோடைக் கையில் வைத்துக்கொண்டு ‘வாரா வாரம் வெள்ளிக்கிழமை’ என்று அறிவிப்பது. குறைந்தது நாலு எபிசோடாவது முழுசாக முடித்துவிட்டு முதலாவதை வெளியிடுங்கள். காய்ச்சல் வரும், கரன்ட் போகும், ஆபீஸில் லீவு கிடைக்காது. எங்கள் மூன்றாவது எபிசோடு வெள்ளிக்கிழமை வர வேண்டியது, செவ்வாய்க்கிழமைதான் வந்தது. நான்காவது இன்னும் என் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது.