பழைய ஜென்னுக்கு வேறு இன்ஜின்: கணக்கை ஏசியிலிருந்து போடுங்கள்

பழைய மாருதி ஜென் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் கேட்பது ஒன்றுதான்: "இதில் எஸ்டீம் இன்ஜின் உட்காருமா?" உட்காரும். இரண்டும் சுசுகியின் ஜி வரிசை இன்ஜின்கள்தான். ஜென்னில் 993 சிசி, எஸ்டீமில் 1298 சிசி. செய்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் அந்தப் பக்கம் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏன் என்று பிறகு வருகிறேன்.

என்னுடையது 1997 மாடல் கார்ப்பரேட்டர் வண்டி, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பழைய முறை. மாமனார் ஓட்டி வைத்திருந்தது. மே மாதம் தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போனால் போதும், அதன் குணம் தெரிந்துவிடும். ஓடும்போது ஏசி ஜில்லென்று வரும். பல்லாவரம் சிக்னலில் நின்றதும் ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்கி ஸ்டியரிங் நடுங்கும், காற்று வெதுவெதுப்பாகும், டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே நகரும். இதைப் பார்த்ததும் "இன்ஜின் போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் நமக்கு வேண்டியது சிக்னலில் குளிரும் ஏசியும், அதைப் போட்டுக்கொண்டே மேம்பாலம் ஏறும் புல்லிங்கும்தான். இரண்டையும் கெடுப்பது பெரும்பாலும் சூடு. அதனால் இன்ஜினையும் சொகுசையும் தனித்தனி வேலையாகப் பார்க்காமல், ரேடியேட்டர், ஃபேன், ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் மூன்றிலிருந்தும் திட்டத்தை ஆரம்பியுங்கள்.

முதலில், இன்ஜினை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுந்தும் அளவு) எடுக்கச் சொல்லுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ரிங், வால்வு சீல், போர் வேலையோடு முடியுமென்றால் அதையே செய்யுங்கள். பிளாக் மாறாது, இன்ஜின் நம்பர் மாறாது, ஆர்டிஓ பக்கமே போக வேண்டாம்.

அந்த ஐடில் நடுக்கத்துக்கும் ஒரு சின்னக் காரணம் இருக்கலாம். கார்ப்பரேட்டர் வண்டியில் ஏசி போட்டதும் ஐடிலை உயர்த்த ஒரு வேக்குவம் டயாஃப்ரம் உண்டு. அதற்குப் போகும் பென்சில் தடிமன் குழாய் வயதாகி, நுனியில் மயிரிழைபோல் வெடித்திருக்கும். விரலால் வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சாண் ரப்பர் குழாயோடு முடிகிற வேலை. பல வண்டிகளில் இதை யாருமே பார்ப்பதில்லை.

இதையெல்லாம் பார்த்தும் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் என் தேர்வு, 2000 வாக்கில் வந்த எம்பிஎஃப்ஐ ஜென்னின் இன்ஜின், அதாவது கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சுவது. அதே கம்பெனி, அதே 993 சிசி, அதே பெட்ரோல். கார்ப்பரேட்டரில் 50 குதிரைத்திறன், இதில் 60. எஸ்டீம் எம்பிஎஃப்ஐ 85 தரும், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) சிசி என்று ஒரு கட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. இதெல்லாம் போக, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இன்ஜின் நம்பரைத்தான். அப்புறம் பிரேக், ரேடியேட்டர் எல்லாம் 50 குதிரைத்திறனுக்கு அளவெடுத்தவை. அவற்றையும் மாற்றினால்தான் 85ஐ நம்பி ஓட்ட முடியும்.

993 சிசியே போட்டாலும் இன்ஜின் நம்பர் மாறும். அதனால் பட்டறைக்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகம். எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு வாங்குமிடம், பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. நேரம் இருந்தால் அதைவிட நல்லது, இடித்து நிற்கும் எம்பிஎஃப்ஐ ஜென் ஒன்றை முழு வண்டியாக வாங்குவது. ஓட விட்டுப் பார்க்கலாம், ஒரு சின்ன பிராக்கெட்கூட விட்டுப்போகாது. கடையில் செட்டாக வாங்கினால் இன்ஜின் மட்டும் போதாது. ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), த்ராட்டில் பாடி, டேங்குக்குள் உட்காரும் பெட்ரோல் பம்ப், ஆக்சிஜன் சென்சாரோடு சைலன்சர் முன்பகுதி, ஆக்சிலரேட்டர் கேபிள், மவுண்ட் பிராக்கெட் எல்லாம் அதே வண்டியிலிருந்து வர வேண்டும். சாவியில் இம்மொபிலைசர் (வேறு சாவிக்கு ஸ்டார்ட் ஆகாத திருட்டுப் பூட்டு) உள்ள செட் என்றால் சாவியும் சேர்த்து. "வயரை இங்கே வெட்டித் தருகிறேன் சார், உங்க எலெக்ட்ரீஷியன் ஜாயின்ட் போட்டுப்பார்" என்றால் வேறு கடை பாருங்கள். வெட்டிய ஹார்னஸில் (வயர் கட்டில்) வரும் கோளாறு மழை பெய்யும்போது மட்டும் வரும், வெயிலில் பட்டறைக்குப் போனால் ஒளிந்துகொள்ளும். பில்லில் இன்ஜின் நம்பர் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பழைய வண்டியின் ஆர்.சி. நகலும் வேண்டும். திருட்டு வண்டி இன்ஜின் என்று தெரியவந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பெட்ரோல் லைனில் சிக்கனம் பார்க்காதீர்கள். கார்ப்பரேட்டருக்கு இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப் மெதுவாகத் தள்ளினால் போதும். எம்பிஎஃப்ஐயில் பம்ப் இரண்டரை பார் அழுத்தத்துக்கு மேல் தள்ளும். பழைய குழாயும் சாதாரண கிளிப்பும் அதற்குத் தாங்காது. இன்ஜெக்‌ஷன் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், எத்தனால் தாங்கும் ரப்பர்தானா என்றும் கேளுங்கள்.

இன்ஜின் கீழே இருக்கும்போது டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் ஆயில் சீல் இரண்டும், கிளட்ச் செட், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். பின்னால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கூலி கொடுக்க வேண்டாம். எங்கள் மெக்கானிக் அண்ணன் மவுண்ட் விஷயத்தில் கறார். "இன்ஜின் புதுசு, மவுண்ட் பழசுன்னா உங்களுக்கு வண்டி பழசாத்தான் தெரியும் சார்" என்பார். நடுக்கத்தைக் காலுக்கும் கைக்கும் கொண்டுவருவது அந்த ரப்பர்தான்.

இப்போது ஏசி. பானெட்டுக்குக் கீழே ஆர்12 (பழைய ஏசி கேஸ்) ஸ்டிக்கர் இருந்தால் ஆர்134ஏ என்ற கேஸுக்கு மாற்றியாக வேண்டும். கேஸ் நிரப்புவதோடு முடியாது: கம்ப்ரஸர் ஆயில், ஓ-ரிங், டிரையர் எல்லாம் மாறும். பழைய கண்டென்சரில் புது கேஸ் சிக்னலில் திணறும். அதனால் சூட்டை வேகமாக இறக்கும் பேரலல் ஃப்ளோ கண்டென்சரும் அதற்குத் தனி ஃபேனும் போடுங்கள். ரேடியேட்டரையும் அதே நாளில் கழற்றி, உள்ளே துரு அடைத்திருந்தால் புதிதாக மாற்றுங்கள். முன்பக்கம் ஒருமுறை பிரித்தால் எல்லாம் கைக்கு எட்டும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கத்தை இத்தோடு விடுங்கள். அலுமினியம் இன்ஜின், கூலன்ட்தான் வேண்டும்.

மிச்ச சொகுசில் காசு எங்கே பேசும் என்றால் சஸ்பென்ஷன் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், கதவு பீடிங். சீட் கவர் மாற்றுவதைவிட குஷன் கடையில் உள்ளே இருக்கும் ஃபோமை மாற்றுங்கள், இடுப்பு வாழ்த்தும். கதவுக்குள்ளும் தரையிலும் பியூட்டில் ஷீட் (அதிர்வைக் குறைக்கும் ரப்பர் போன்ற தகடு) ஒட்டினால் கதவு சாத்தும் சத்தமே மாறும். ஆனால் தரையில் துரு இருந்தால் டிங்கர் வேலை முடிந்த பிறகுதான், இல்லாவிட்டால் துருவை மூடி வளர்க்கிறீர்கள். கண்ணாடியில் முன்னும் பின்னும் 70, பக்கங்களில் 50 சதவீத வெளிச்சம் கடக்க வேண்டும் என்பது விதி, கறுப்பு ஃபிலிம் வேண்டாம். ஹெட்லைட் மங்கலாக இருந்தால் பெரிய பல்ப் தேடாமல் ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுங்கள். அதே 60/55 வாட் பல்ப் பளிச்சென்று எரியும். பவர் ஸ்டியரிங்? இவ்வளவு லேசான வண்டிக்கு டயர் காற்றும் அலைன்மென்ட்டும் சரியாக இருந்தாலே போதும் என்பது என் கட்சி.

இன்ஜின் ஏற்றியதும் 14 நாளுக்குள் ஆர்டிஓவில் தெரிவித்து ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். அந்த ஆர்.சி. நகலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி பாலிசியில் மாற்றத்தைப் பதியும் எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள். வண்டிக்கு 15 வயது தாண்டியிருக்கும், எஃப்சி (தகுதிச் சான்று) புதுப்பிக்கும் தேதி பக்கத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே அலைச்சலில் முடிக்கப் பாருங்கள். பட்டறைக்குக் கடைசி பாக்கியைக் கொடுப்பதற்கு முன் ஒரு மதியம் ஏசியை முழுசாக வைத்து, ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். காலையில் ஓட்டிக் காட்டுகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.