இன்னும் ஓராண்டு: தொடர்வதா, விடுவதா என்று தேர்ந்து தெளிவது எப்படி?

இறைவனை நம்பித் தொடங்கிய பணி பலனின்றி இழுத்துக்கொண்டே போகும்போது, "விசுவாசம் இருந்தால் தாக்குப்பிடி" என்று ஒருவரும், "கதவு அடைபட்டால் அது இறைத்திட்டம் அல்ல" என்று இன்னொருவரும் சொல்வார்கள். இரண்டு பக்கத்துக்கும் விவிலியத்தில் வசனம் காட்ட முடியும் என்பதால், வசனம் தேடுவதற்கு முன் உங்கள் மனநிலையைக் கவனியுங்கள்.

மனம் வறண்டு, செபம் கசந்துபோன நாள்களில் முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் வகுத்த விதி. அதன் அருமை எனக்குத் தாமதமாகவே புரிந்தது. பங்கில் 9 ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பு நடத்திய நான், நான்கே பிள்ளைகள் வந்த ஒரு ஞாயிறன்று விலகல் கடிதம் எழுதி, அனுப்பாமல் விவிலியத்துக்குள் செருகி வைத்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்துப் படித்தால், அதில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கூட்டத்தில் ஒருவர் என்னைப் பேசவிடாத கோபம் மட்டுமே பக்கம் முழுக்க இருந்தது. நீங்களும் எழுதுங்கள், ஆனால் ஆறவிட்டுப் படியுங்கள்.

அடுத்தது, தவணை குறிப்பது. லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்லும் உரிமையாளரிடம் தோட்டத் தொழிலாளர் ஓராண்டு கேட்கிறார். சும்மா பார்த்திருக்க அல்ல, சுற்றிலும் கொத்தி எருப்போட. ஆகவே தவணைக்குள் இதுவரை செய்யாத எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதையும், எது நடந்தால் தொடர்வீர்கள் என்பதையும் முதலிலேயே எழுதி, ஆன்மிக வழிகாட்டி ஒருவரிடம் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓராண்டு சத்தமில்லாமல் ஐந்தாண்டு ஆகிவிடும்.

இஞ்ஞாசியாரும் தோழர்களுமாக எழுவர், 1534 ஆகஸ்ட் 15 அன்று பாரிஸின் மோன்மார்த்ருவில் எருசலேம் செல்வதாக வாக்களித்தபோது, வெனிஸில் ஓராண்டு காத்திருந்தும் பயணம் கைகூடாவிட்டால் திருத்தந்தையின் விருப்பத்துக்குத் தங்களை ஒப்படைப்பதாகவும் சேர்த்தே சொன்னார்கள். துருக்கியருடன் போர் மூண்டதால் அவர்களுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. 1538-இல் உரோமையில் திருத்தந்தை மூன்றாம் பவுலிடம் தங்களை ஒப்படைத்தார்கள். அந்த எழுவரில் ஒருவரான சவேரியார் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தது எருசலேமைக் கைவிட்ட பிறகுதான்.

தவணை முடிந்தும் குழப்பம் நீடித்தால், முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள். மரணப் படுக்கையில் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவீர்கள் என்றும் பாருங்கள். இவ்விரண்டும் இஞ்ஞாசியாரின் அதே 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் உள்ளவைதான்.

ஒன்றுக்கு மட்டும் தவணையே கிடையாது. வீட்டிலோ ஆலயத்திலோ அடியும் அவமானமும் தொடர்கிற இடத்தில், அதைச் சிலுவை என்று பொறுத்துக்கொள்ளச் சொல்பவரின் பேச்சைக் கேளாமல், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

நானும் ஒரு தவணை குறித்து, என் வகுப்பைக் காலைத் திருப்பலி முடிந்தவுடன் நடக்கும்படி மாற்றி, வீடுவீடாகப் போய் அழைத்தேன். பதினொரு பிள்ளைகள் வரை வந்து, தவக்காலத்துக்குப் பின் மீண்டும் ஐந்தாயிற்று. தவணை முடிந்த ஞாயிறன்று வருகைப் பதிவேட்டையும் அலமாரிச் சாவியையும் ஓர் இளம் ஆசிரியையிடம் கொடுத்தேன். அப்போது புதிதாக எழுதிய விலகல் கடிதம் நான்கே வரிகள். அதில் மூன்று வரி பிள்ளைகளைப் பற்றியது.