குழந்தையை அடிக்கும் காட்சியை எடுப்பது எப்படி?

குழந்தையின் கன்னத்தில் அறை விழுவதை நேராகக் காட்டினால், பார்ப்பவர் ஒன்று முகத்தைத் திருப்பிக்கொள்வார், இல்லையென்றால் அடித்தவனைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவார். இரண்டிலும் காட்சி வீண். ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த ‘எம்’ படத்தில் சிறுமி கொல்லப்படுவது திரையில் இல்லை. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஆளில்லாத மாடிப்படி, சாப்பாட்டு மேசையில் காலித் தட்டு, புதரிலிருந்து உருண்டு வரும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன். மிச்சத்தைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்கிறார்; தானே நிரப்பியதிலிருந்து அவரால் முகம் திருப்ப முடியாது.

ஆகவே திரைக்கதையில் அடியை ஒரே வரியில் முடியுங்கள். அடிக்குப் பழகிப்போன குழந்தையின் உடம்பு என்ன செய்யும் என்பதற்குத்தான் பக்கம் ஒதுக்க வேண்டும். உதாரணமாக, பூட்டில் சாவி திரும்பும் சத்தம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குழந்தை வாயிலிருப்பதை மெல்லுவதை நிறுத்துகிறது, தட்டை ஓசைப்படாமல் தள்ளி வைக்கிறது, சிந்திய பருக்கையை விரலால் ஒற்றி எடுக்கிறது. இதை இரண்டு முறை காட்டிவிட்டால், மூன்றாவது முறை சாவிச் சத்தம் மட்டும் போதும். அறையில் கேட்டும் கேட்காததுபோல இருக்கும் பெரியவர் ஒருவரும் வேண்டும். கொடுமைக்காரனை ராட்சசனாக்கினால் ‘நான் அவன் இல்லை’ என்று பார்ப்பவர் தப்பிக்கலாம். சும்மா இருந்தவரிடமிருந்து அப்படித் தப்பிக்க முடியாது.

கேமராவைக் குழந்தையின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். ஆறு வயதென்றால் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். அந்த உயரத்தில் பெரியவரின் இடுப்பும் பெல்ட்டும் கையும்தான் ஃப்ரேமில் வரும், முகம் வெட்டுப்படும். அப்படியே விடுங்கள். ஸ்லோமோஷன் வேண்டாம், அது அடியை அழகாக்கும். கேமராவை முகத்தை நோக்கி நகர்த்துவதும் அதே தப்புதான். வதைமுகாம் படமொன்றில் மின்வேலியில் இறந்து கிடக்கும் பெண்ணை நோக்கிக் கேமரா நகர்ந்து போய் அவளை ஃப்ரேமில் பாந்தமாகப் பொருத்தியதைச் சாடி, 1961-இல் பிரெஞ்சு விமர்சகர் ழாக் ரிவெத் எழுதிய கட்டுரை இன்றும் வாசிக்கத் தக்கது.

படப்பிடிப்பில் குழந்தையும் அடியும் ஒரே ஷாட்டில் சேரவே கூடாது. அடிப்பவரின் வீச்சைக் குழந்தை வீட்டுக்குப் போன பிறகு எடுங்கள். குழந்தையின் தலை இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் டேப் ஒட்டிவிட்டால் அவர் பார்வை சரியான இடத்தில் நிற்கும். வசைச் சொற்களும் அப்போதுதான். குழந்தைப் பக்கத்தை விளையாட்டாக எடுக்கலாம்: ‘ஒன்று, இரண்டு’ எண்ணிக் கை தட்டினால் சட்டென்று தலையைத் திருப்ப வேண்டும், அவ்வளவே. மூன்று டேக்குக்கு மேல் போகாதீர்கள். அதற்குப் பின் குழந்தை கைத்தட்டலுக்கு முன்பே திரும்பத் தொடங்கிவிடும்.

அழுகைக்காகக் குழந்தையை நிஜமாகவே பயமுறுத்துவது பழைய கேவலம். 1931-இல் ‘ஸ்கிப்பி’ படத்துக்காக, ஜாக்கி கூப்பர் என்ற சிறுவனை அழவைக்க அவனுடைய நாயைச் சுட்டுவிட்டதாக நம்பவைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து அவர் எழுதிய சுயசரிதைக்கு வைத்த தலைப்பே ‘தயவுசெய்து என் நாயைச் சுடாதீர்கள்’. கண்ணீர் தேவையென்றால் மேக்கப்காரர் கன்னத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடட்டும். பெரும்பாலும் அதுவும் வேண்டியிருக்காது. சலனமில்லாத முகத்தைச் சாவிச் சத்தத்துக்குப் பிறகு ஒட்டினால் பயம் தானாக வந்துவிடும்.

டேக் முடிந்ததும் உடையை மாற்றி, மேக்கப்பைக் கழுவி, நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கொடுமைக்காரராக நடிப்பவர் படப்பிடிப்புக்கு முன்பே குழந்தையோடு விளையாடிப் பழகியிருக்க வேண்டும். முடிந்த பின்னும் வந்து உட்கார வேண்டும். பெற்றோர் குழந்தை திரும்பிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் இருக்கட்டும், ஆனால் ஷாட்டின்போது அதன் பார்வைக் கோட்டில் வேண்டாம். நடிப்பை விட்டுவிட்டு அவர்களையே பார்க்கும்.

எடிட்டிங்கில் அடிக்குச் சத்தம் மட்டும் போதும். நிஜத்தில் கன்னத்தில் விழும் அறை சின்னதாக, வறண்டு கேட்கும். சண்டைக்காட்சிச் சத்தத்தை எடுத்து ஒட்டினால் கேலியாகிவிடும். பின்னணி இசையை எடுத்துவிட்டு, அறையில் ஆள் பேசாமல் பதிவு செய்த முப்பது நொடி ரூம் டோனைப் போடுங்கள். அடிக்கு ஒரு நொடி போதும். பிறகு குழந்தை எழுந்து தட்டைக் கழுவ இருபது நொடி வேண்டும். படத்தொகுப்பாளர் அந்த இருபதைப் பத்தாக்கக் கேட்பார், கொடுக்காதீர்கள்.