பாயேற்றும் கயிற்றைத் தினமும் கொஞ்சம் நகர்த்துங்கள்

பாய்மரப் படகில் தனியாகப் பெருங்கடல் கடக்கும்போது தினமும் காலையில் ஹாலியார்டை, அதாவது பாயேற்றும் கயிற்றை, 2 செ.மீ. தளர்த்திக் கட்டுங்கள். பாயின் முன்விளிம்பில் சுருக்கம் தெரிந்தால் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்கு ஏறக்குறைய 2,700 கடல் மைல். வாரக்கணக்கில் ஒரே பக்கக் காற்று. பாயை அசைக்காமலே விட்டால், பாய்மர உச்சிக் கப்பியின் மேல் கயிற்றின் அதே இடம்தான் இரவும் பகலும் தேய்கிறது. முதலில் மேலுறை பஞ்சு பஞ்சாகப் பிரியும், பிறகு உள்கயிறும் போகும். அறுந்தால் ஆடுகிற மரத்தில் ஒற்றை ஆளாக ஏற வேண்டும். அந்த வேலை யாருக்கும் வேண்டாம்.

கயிறு வாங்கும்போதே 2 மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். தேய்மானம் தெரிந்ததும் பாயை இறக்கி, பாய்ப் பக்க நுனியில் 30 செ.மீ. வெட்டிவிட்டு மறுபடி முடிச்சிட்டால், தேய்ந்த இடம் கப்பியை விட்டு விலகிவிடும்.

நுனியைப் பின்னிக் கண்ணி போட்ட டைனீமா (மிக வலுவான செயற்கை இழை) கயிற்றை இப்படி வெட்டக்கூடாது: வழுக்கும் கயிறு, முடிச்சு நிற்காது. முன்பாய் சுருட்டும் ரோலர் இருந்தால் தளர்த்துவதில் கஞ்சத்தனம் காட்டுங்கள். கயிறு தொய்ந்தால் சுருட்டும்போது அதுவும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். பெரிய பாயை அடிக்கடி ரீஃப் செய்கிறவர்களுக்கு, அதாவது காற்று பலக்கும்போது கொஞ்சம் இறக்கிப் பரப்பைக் குறைக்கிறவர்களுக்கு, இது தேவையே இல்லை. இடம் தானாக மாறிவிடுகிறது.